செம்பருத்தி இலை பிளாஸ்டிக் மாதிரி வருகிறது, எங்கே தப்பு?

புதுப்பென்சில் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஆறு மாதமாகக் கலர் பென்சிலில் செடி கொடிகளை வரைந்து பழகுகிறேன். அழகுக்காக வரையும் பூப்படம் இல்லை. பார்த்தவுடன் இது இன்ன செடி என்று அடையாளம் சொல்லக்கூடிய தாவரவியல் படம் வரைய வேண்டும் என்பது ஆசை.

பாலிகுரோமோஸ் கலர் பென்சிலில் 60 நிறங்கள் கொண்ட பெட்டி வைத்திருக்கிறேன். தாள் 300 ஜி.எஸ்.எம். கனத்தில் வழவழப்பான ஹாட் பிரஸ். அதாவது சாமான்களைக் குறை சொல்ல வழியில்லை. ஆனாலும் நான் வரைந்த செம்பருத்தி இலையைப் பார்த்தால் பொம்மைக் கடையில் தொங்கும் பிளாஸ்டிக் இலை மாதிரி இருக்கிறது. நரம்புகள் மேலே நூல் ஒட்டியது போல நிற்கின்றன. பூவோ, சிவப்பு மையைக் கொட்டியது போலத் தட்டையாக இருக்கிறது. படத்தை இணைத்திருக்கிறேன்.

வெள்ளை தெரியக்கூடாது என்று நன்றாக அழுத்தித்தான் நிரப்புகிறேன். 120 பெட்டி வாங்கினால் சரியாகுமா? கரைப்பான் தடவிக் கலக்க வேண்டுமா? இன்னொரு தொல்லை: காலையில் பறித்து வைத்த பூ, நான் இரண்டு இதழ் முடிப்பதற்குள் சாயங்காலம் சுருண்டுவிடுகிறது. அப்புறம் போனில் எடுத்த படத்தைப் பார்த்துத்தான் வரைகிறேன்.

---

மெழுகு எழுதியது:

120 பெட்டி வேண்டவே வேண்டாம். 60இலேயே பாதியை நீங்கள் தொட்டிருக்க மாட்டீர்கள். என் மேசையில் தேய்ந்து குட்டையான பென்சில்களை எண்ணினால் பதினாலு தேறும். மற்றவை இன்னும் புது மாப்பிள்ளை மாதிரி நிற்கின்றன.

ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் படத்தையும் உண்மையான இலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் போனில் எடுத்து, கருப்பு வெள்ளையாக மாற்றிப் பாருங்கள். என்ன தெரிகிறது என்று இங்கே சொல்லுங்கள். அதுவரை எதையும் வாங்காதீர்கள்.

---

எட்டாவது அடுக்கு எழுதியது:

"நன்றாக அழுத்தித்தான் நிரப்புகிறேன்" என்று எழுதியிருக்கிறீர்களே, நோய் அங்கேதான் இருக்கிறது.

தாளைக் கையால் தடவிப் பாருங்கள். ஹாட் பிரஸ் தாள் வழவழப்பாகத் தோன்றினாலும் அதிலும் மேடு பள்ளம் உண்டு. நிறத்தைப் பிடித்து வைப்பது அந்தச் சொரசொரப்புதான். முதல் அடுக்கிலேயே பலமாக அழுத்தினால் பள்ளமெல்லாம் அடைபட்டு, மேடெல்லாம் நசுங்கி, தாள் மெழுகுத் துணி மாதிரி ஆகிவிடும். அதன்மேல் எந்தப் பென்சிலை வைத்தாலும் வழுக்கும். கீழே இருக்கும் ஒரே பச்சைதான் கடைசிவரை கண்ணில் படும். பிளாஸ்டிக்கும் அப்படித்தானே, மேலிருந்து கீழ்வரை ஒரே நிறம், ஒரே பளபளப்பு.

நான் வரைவதைச் சொல்கிறேன். பென்சிலின் முனையை ஊசி மாதிரி கூராக வைத்துக்கொள்வேன். இரண்டு மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை சீவுவேன், இதில் கஞ்சத்தனம் பார்ப்பதே இல்லை. மழுங்கிய கூர் மேட்டை மட்டும் தொட்டுவிட்டுப் போகும், பள்ளம் வெள்ளைப் புள்ளியாக நிற்கும். அந்தப் புள்ளிகளைப் பார்த்துத்தான் நீங்கள் அழுத்தத் தொடங்குகிறீர்கள். கூர் நன்றாக இருந்தால் பள்ளத்துக்குள் அதுவே இறங்கும், பலம் தேவையில்லை.

பென்சிலை நடுவுக்கும் பின்னால் பிடிப்பேன். பென்சிலின் எடையே அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதல் அடுக்கு போட்டதே தெரியக்கூடாது. சின்னச் சின்ன வட்டமாகவோ, இலையின் போக்கில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும் குறுங்கோடுகளாகவோ போகலாம். என் இலைகள் எட்டு முதல் பன்னிரண்டு அடுக்கு வாங்கும். உள்ளங்கை அளவு இலைக்கு ஐந்து மணி நேரம் ஆகும். வேகமாக முடிக்க வழி இருக்கிறதா என்று கேட்காதீர்கள், இருந்தால் எனக்கும் சொல்லுங்கள்.

இன்னொன்று. கிராஃபைட் பென்சிலில் போட்ட கோட்டை நிறம் ஏற்றும் முன்பு பிசையும் ரப்பரால் ஒற்றி எடுத்துவிடுங்கள், கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் இருந்தால் போதும். மேலே நிறம் ஏறிவிட்டால் அந்தக் கோடு அழியாது. மஞ்சளிலும் வெளிர்ச் சிவப்பிலும் அழுக்காக நிற்கும்.

---

கரைத்தவர் எழுதியது:

இவ்வளவு பாடு எதற்கு? மணமில்லாத மினரல் ஸ்பிரிட் என்ற கரைப்பானைப் பஞ்சுக் குச்சியில் தொட்டுத் தடவினால் மெழுகும் எண்ணெயும் இளகி நிறம் தானாகப் பள்ளத்துக்குள் ஓடிவிடும். மூன்று அடுக்கு, ஒரு தடவல், மேலே நுணுக்கம். ஒரு மணி நேரத்தில் இலை தயார்.

---

எட்டாவது அடுக்கு எழுதியது:

கரைத்தவரே, தயாராகும், இல்லை என்று சொல்லவில்லை. பெரிய பழத்துக்கோ பூசணி போன்ற வழவழப்பான பரப்புக்கோ நானும் தடவுகிறேன். ஆனால் இவருடைய குறையே வழவழப்புதான். அதற்கு மருந்தாக இன்னும் வழவழப்பைக் கொடுப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல. முதலில் அழுத்தாமல் அடுக்கக் கற்றுக்கொள்ளட்டும், அப்புறம் தடவட்டும்.

---

கரைத்தவர் எழுதியது:

சரி, பழகுகிறவருக்கு என்ற அளவில் ஒப்புக்கொள்கிறேன். தடவுகிறவர்கள் ஜன்னலைத் திறந்து வையுங்கள். மணமில்லை என்றால் ஆவியே இல்லை என்று பொருளில்லை.

---

புதுப்பென்சில் எழுதியது:

மெழுகு சொன்னபடி கருப்பு வெள்ளையாக மாற்றிப் பார்த்தேன். வெட்கமாக இருக்கிறது. உண்மையான இலையில் ஏறக்குறைய வெள்ளையிலிருந்து கரிக்கட்டை வரை எல்லாம் இருக்கிறது. என் இலை முழுக்க ஒரே சாம்பல். நான் ஏழு பச்சை போட்டிருந்தேன்! ஏழும் கருப்பு வெள்ளையில் ஒன்றாகிவிட்டன.

---

மெழுகு எழுதியது:

இதைத்தான் எதிர்பார்த்தேன். உங்கள் பச்சையில் குறையில்லை, வெளிச்சத்திலும் இருட்டிலும்தான் குறை. நிறம் தப்பினாலும் ஒளி நிழல் சரியாக இருந்தால் இலை இலையாகத் தெரியும். ஒளி நிழல் தப்பினால் உலகத்தில் உள்ள பச்சையெல்லாம் கொண்டுவந்து கொட்டினாலும் தெரியாது.

ஒரு செம்பருத்தி இலையை இடப்பக்க மேலிருந்து ஒளி விழும்படி வைத்துக்கொள்ளுங்கள். தாவரவியல் படங்களில் ஒளி இடப்பக்க மேலிருந்து வருவதாக வரைவது நெடுநாள் வழக்கம். இப்போது அந்த இலையில் மூன்று வகைப் பச்சையைத் தேடுங்கள்.

முதலாவது, பளபளப்பு விழும் இடம். செம்பருத்தி இலைக்கு நல்ல மினுமினுப்பு உண்டு. அங்கே தெரிவது பச்சையே இல்லை. ஜன்னலுக்கு வெளியே வானம் இருந்தால் அதன் வெளிர்நீலச் சாம்பல்தான் இலையில் தெரியும். நம் மூளை "இலை என்றால் பச்சை" என்று அடம்பிடிப்பதால் அங்கேயும் பச்சையை ஏற்றிவிடுகிறோம். அந்த இடத்தில் வெளிர்நீலம் ஒரே ஒரு அடுக்கு, அதுவும் ஓரத்தில். நடுவில் தாளை அப்படியே விட்டுவிடுங்கள். இரண்டாவது, ஒளி நேராகப் படாமலும் பளபளக்காமலும் இருக்கும் பகுதி. இலையின் சொந்த நிறம் இதுதான், நாம் நினைப்பதைவிடக் குறைந்த இடத்திலேயே இருக்கும். மூன்றாவது எனக்குப் பிடித்தது. இலை மடிந்தோ திரும்பியோ இருந்து ஒளி பின்னாலிருந்து ஊடுருவி வரும் இடம். அங்கே சுடர்விடும் மஞ்சள் பச்சை. பளபளப்பின் குளிர்ந்த நீலமும் இந்த மஞ்சளும் ஒரே இலையில் அடுத்தடுத்து வரும்போதுதான் பார்ப்பவர் மனதில் "இது மெல்லியது, உயிருள்ளது" என்ற எண்ணம் வருகிறது. பிளாஸ்டிக் இலையில் ஊடுருவும் ஒளியை இப்படிப் பார்க்க முடியாது.

நிழலுக்குக் கருப்பைத் தொடாதீர்கள், செத்துப்போகும். டார்க் இண்டிகோ என்ற அடர்நீலத்தை எடுத்து நிழற்பகுதிகளை மட்டும் முதலில் மெல்லமாக ஏற்றுங்கள். அந்த நிலையிலேயே இலை நீலச் சாம்பலில் திரண்டு தெரிய வேண்டும். தெரியவில்லையென்றால் பச்சையை எடுக்காதீர்கள். பச்சை மிகவும் கூவினால் மேலே சிவப்புக் காவியோ அடர் சிவப்போ ஒரு மூச்சு அளவு. எதிர்நிறம் என்பதால் பச்சை அடங்கிவிடும்.

---

கணு எழுதியது:

வரையும் நுணுக்கத்தை மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள். நான் செடிப் பக்கத்திலிருந்து வருகிறேன், கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் மன்னிக்கவும்.

உங்கள் படத்தில் இலையோரப் பற்கள் காம்பிலிருந்து நுனிவரை ஒரே சீராக இருக்கின்றன. செம்பருத்தி இலையில் அடிப்பகுதி ஓரம் பெரும்பாலும் வழவழப்பாகத்தான் போகும், மேற்பாதியில்தான் பற்கள் வரும். நீங்கள் இலையைப் பார்க்கவில்லை, "பல் உள்ள இலை" என்ற நினைப்பை வரைந்திருக்கிறீர்கள்.

நரம்பிலும் அதுதான். நடுவில் ஒரு நரம்பு, இரண்டு பக்கமும் மீன்முள் மாதிரி கிளைகள் என்று போட்டிருக்கிறீர்கள். உண்மையில் அடியிலேயே, காம்பு சேரும் இடத்திலிருந்தே, மைய நரம்போடு பக்க நரம்புகளும் கிளம்புவதைப் பாருங்கள்.

பூவுக்கு வருவோம். ஐந்து இதழ்களில் ஒன்றை எல்லாவற்றுக்கும் மேலேயும் இன்னொன்றை எல்லாவற்றுக்கும் கீழேயும் வைத்திருக்கிறீர்கள். செம்பருத்தியில் அப்படி வராது. ஒவ்வொரு இதழின் ஒரு விளிம்பு பக்கத்து இதழின் மேலேயும், மறு விளிம்பு அடுத்த இதழின் கீழேயும் போகும். காற்றாடி இறக்கைகள் மாதிரி சுற்றிவரும். திருகு இதழமைவு என்று பாடத்தில் படித்திருப்பீர்கள். மொட்டைப் பார்த்தாலே அந்த முறுக்கு தெரியும். எவ்வளவு அழகாக நிறம் ஏற்றியிருந்தாலும் இந்த ஒன்று தப்பினால் தாவரவியல் தெரிந்தவர் படத்தை மூடிவிடுவார்.

இன்னும் இரண்டு: நடுவிலிருந்து நீளும் குழலில் மகரந்தத்தாள்கள் பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், அதையும் தாண்டி நுனியில் சூலகமுடி ஐந்தாகப் பிரியும். உங்கள் படத்தில் நான்கு. புல்லிவட்டத்துக்குக் கீழே மெல்லிய பச்சைக் கம்பிகள் போல இன்னொரு வட்டம் உண்டு, அதைக் காணவே காணோம்.

---

புதுப்பென்சில் எழுதியது:

நான்குதான் இருந்தது என்று சத்தியம் செய்யப் போனேன். இன்று காலை பூத்ததைப் போய்ப் பார்த்தேன். ஐந்து.

நரம்பைப் பற்றி யாராவது சொல்லுங்கள். வெள்ளைப் பென்சிலால் மேலே கோடு போடுகிறேன், நூல் ஒட்டியது போல வருகிறது.

---

எட்டாவது அடுக்கு எழுதியது:

நரம்பை வரையவே கூடாது. நரம்புகளுக்கு நடுவே உள்ள கட்டங்களை வரைய வேண்டும். ஒவ்வொரு கட்டமும் ஒரு சின்னத் தலையணை மாதிரி லேசாக மேடிட்டிருக்கும். ஒளி படும் பக்கம் வெளிர், மறுபக்கம் அடர். கட்டங்களை முடித்தால் நடுவே விட்ட சந்துதான் நரம்பு. கடைசியில் அந்தச் சந்தின் மேலும் ஒரு வெளிர்ப்பச்சை அடுக்கை ஓட்டிவிடுங்கள், வெள்ளையாக நிற்கக்கூடாது.

---

சாம்பல்பூனை எழுதியது:

முனை உருண்ட ஊசியால் தாளில் முன்கூட்டியே கோடு அழுத்திவிட்டால் பென்சில் அந்தப் பள்ளத்துக்குள் போகாமல் தாண்டிவிடும், நரம்பு தானாகத் தெரியும். நான் இப்படித்தான் செய்கிறேன். வெள்ளைத் தாளில் நேரடியாக அழுத்தாமல், முதலில் வெளிர் மஞ்சள் பச்சை ஒரு அடுக்கு ஏற்றிவிட்டு அப்புறம் அழுத்தினால் நரம்புக்கு அந்த நிறம் கிடைக்கும்.

---

கணு எழுதியது:

சாம்பல்பூனை, அந்த முறையில் எல்லா நரம்பும் ஒரே தடிமனில் வந்துவிடுகிறது. நரம்பு காம்பருகே தடித்துத் தொடங்கி ஓரம் போகப் போக இழையாக மெலிய வேண்டும். தண்டிலும் இலைக்காம்பிலும் உள்ள தூவிகளுக்கு உங்கள் ஊசி அருமையாக வேலை செய்யும். முதல்நிலை நரம்புகளுக்கு எனக்கு ஒப்பவில்லை.

அதோடு மேல்பக்கமா கீழ்பக்கமா என்பதைக் கவனியுங்கள். பல இலைகளில் மேல்பக்கம் நரம்பு பள்ளமாகவும் கீழ்பக்கம் மேடாகவும் இருக்கும். நிழல் விழும் பக்கம் அப்படியே இடம் மாறும். ஒரு இலையையாவது திருப்பிக் கீழ்பக்கம் காட்டி வரைவது தாவரவியல் படத்துக்கு நல்லது.

---

சாம்பல்பூனை எழுதியது:

மூன்று தடிமனில் மூன்று ஊசி வைத்திருக்கிறேன், கணு. :) ஆனால் ஒப்புக்கொள்கிறேன், தப்பாக அழுத்திவிட்டால் அதை நீக்க வழியே இல்லை. ஒருமுறை தும்மல் வந்து இலை நடுவே நெடுக ஒரு கோடு. அதையும் நரம்பாக்கிச் சமாளித்தேன். கணு பார்த்திருந்தால் அடித்திருப்பார்.

---

மெழுகு எழுதியது:

பூ வாடுவது பற்றி யாரும் சொல்லவில்லை. செம்பருத்திப் பூ பெரும்பாலும் ஒரு நாள்தான். அதோடு ஓட்டப்பந்தயம் வைக்காதீர்கள். இலை பல நாள் காத்திருக்கும், பூ காத்திருக்காது. எனவே காலையில் முதல் ஒரு மணி நேரம் பூவின் உருவம் மட்டும், கவராயத்தால் அளந்து, உண்மை அளவிலேயே. அடுத்த ஒரு மணி நேரம் நிறக்குறிப்பு: அதே தாளின் துண்டில் இதழின் ஒளிப்பகுதி, நடு, நிழல், அடி என்று நான்கு சின்னச் சதுரம், எந்தப் பென்சில் மேல் எந்தப் பென்சில் என்று பக்கத்தில் எழுதி. பூ வாடட்டும். மறுநாள் இன்னொன்று பூக்கும், அதில் சரிபார்க்கலாம்.

இது நான் கண்டுபிடித்ததில்லை. ஃபெர்டினாண்ட் பாவர் என்ற ஓவியர் 1801இல் இன்வெஸ்டிகேட்டர் கப்பலில் அதன் தலைவர் ஃபிளிண்டர்ஸோடு ஆஸ்திரேலியக் கரைகளுக்குப் போனார். செடி வாடுவதற்குள் நிறம் ஏற்ற அங்கே நேரமில்லை. பென்சில் கோட்டுப் படம் போட்டு, ஒவ்வொரு பகுதியிலும் நிறத்துக்கான எண்ணை எழுதிவைத்தார். அந்த எண்வரிசை ஏறக்குறைய ஆயிரம் சாயல்கள் வரை போனது. லண்டனுக்குத் திரும்பிய பிறகு பல ஆண்டுகள் அந்த எண்களை வைத்தே வண்ணப் படங்களை முடித்தார். நமக்கு நான்கு சதுரம் போதும்.

போன் படத்தை உருவத்துக்கு மட்டும் நம்புங்கள், அதுவும் அரைகுறையாக. மிக அருகில் வைத்து எடுத்தால் முன்னால் இருப்பது ஊதிப் பெரிதாகும். சிவப்புக்கு நம்பவே வேண்டாம். நல்ல சிவப்புப் பூவை எடுக்கும்போது கேமராவின் சிவப்பு அளவு உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும், இதழின் மடிப்பும் கோடும் காணாமல் போகும். உங்கள் பூ மை கொட்டியது போல இருப்பதற்குப் பாதிக் காரணம் அந்தப் படம்தான்.

---

நேர்கோடு எழுதியது:

படத்தைப் பார்த்து வரைவதே ஏமாற்று வேலை என்பது என் கருத்து. அதிலும் கீழிருந்து வெளிச்சம் வரும் ஒளிப்பெட்டி வைத்து நகல் எடுக்கிறவர்கள்...

---

எட்டாவது அடுக்கு எழுதியது:

நேர்கோடு, இதற்கென்றே நாற்பது பக்கத்துக்கு ஒரு பழைய இழை ஓடியது, அங்கே போய்ச் சண்டை போடலாம். நான் முதலில் மலிவான தாளில் அடித்துத் திருத்தி வரைந்து, அந்தக் கோட்டை ஒளிப்பெட்டியில் வைத்து நல்ல தாளுக்கு மாற்றுகிறேன். நல்ல தாளில் அடித்து அழித்தால் அதன் மேற்பரப்பு பாழாகும், அவ்வளவுதான். என் கோட்டை நானே நகல் எடுப்பது ஏமாற்று என்றால் ஏமாற்றுக்காரன் என்றே இருந்துவிட்டுப் போகிறேன்.

---

சாம்பல்பூனை எழுதியது:

சிவப்பைப் பற்றிப் பேசும்போது ஒரு எச்சரிக்கை. இளஞ்சிவப்பு, ஊதா, கத்தரிப்பூ நிறங்கள் பல பெட்டிகளில் சீக்கிரம் வெளுக்கும். பழைய பெட்டி ஒன்றில் (பெயர் வேண்டாம்) வரைந்த என் ஊதாப் பூ சுவரில் மாட்டிய ஒன்றரை வருடத்தில் சாம்பலாகிவிட்டது. இலை மட்டும் ஜம்மென்று இருக்கிறது.

பாலிகுரோமோஸ் பென்சிலின் மேலேயே நட்சத்திரம் போட்டிருப்பார்கள், மூன்று நட்சத்திரம்தான் உச்சம். கலர் பென்சிலின் ஒளித்தாங்கு திறனுக்கென்று ஏ.எஸ்.டி.எம். டி6901 என்று ஒரு தர அளவே உண்டு, லூமினன்ஸ் 6901 என்ற வகைக் கலர் பென்சில்களின் பெயரில் வரும் எண் அதிலிருந்து வந்ததுதான். எது எப்படியோ, நானே சோதித்துவிடுகிறேன். ஒரு தாள் துண்டில் எல்லா நிறத்தையும் பட்டையாக ஏற்றி, பாதியைக் கருப்பு அட்டையால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் மூன்று மாதம். மூடியதும் மூடாததும் வேறாகத் தெரிந்தால் அந்தப் பென்சில் பயிற்சிப் புத்தகத்துக்கு மட்டும்.

---

மெழுகு எழுதியது:

என் பெயரிலேயே இருப்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். பிரிஸ்மாகலர் போன்ற மெழுகுப் பென்சில்களில் அடர்ந்த பகுதி சில வாரத்தில் பனி படர்ந்தது போல மங்கும். பூஞ்சை இல்லை, மெழுகு மேலே வந்து படிவதுதான். மென்மையான துணியால் லேசாகத் துடைத்தால் போகும். பிறகு ஃபிக்சேடிவ் என்ற காப்புத் தெளிப்பை மெல்லிய அடுக்காக அடித்துவிடுங்கள். உங்கள் பாலிகுரோமோஸ் எண்ணெய் சார்ந்தது, அந்தக் கவலை குறைவு.

---

புதுப்பென்சில் எழுதியது:

மூன்று வாரம் கழித்து வருகிறேன். படத்தை இணைத்திருக்கிறேன். பென்சில் ஒன்றும் புதிதாக வாங்கவில்லை, சீவி மட்டும் ஒன்று வாங்கினேன், பழையது தேய்ந்துவிட்டது.

இரண்டு இலைகளில் ஒன்று மேல்பக்கம், ஒன்று கீழ்பக்கம். மேல் இலைக்கு ஒன்பது அடுக்கு. நீலச் சாம்பலில் முதலில் திரட்டியபோதே அம்மா பார்த்துவிட்டு, "இப்படியே விட்டுவிடேன், நன்றாக இருக்கிறது" என்றார். பளபளப்பு இடத்தில் பச்சையை ஏற்றாமல் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்ததுதான் எல்லாவற்றிலும் கஷ்டம். பூவுக்கு மூன்று காலை, மூன்று பூ. சூலகமுடி ஐந்து, எண்ணிப் பார்க்கலாம். கருப்பு வெள்ளைப் படத்தையும் கூடவே போட்டிருக்கிறேன்.

---

மெழுகு எழுதியது:

கருப்பு வெள்ளையைத்தான் முதலில் திறந்தேன். அதிலேயே இலை வளைவது தெரிகிறது. வலப்பக்க இதழின் நிழலில் இன்னும் இரண்டு அடுக்கு இறங்கலாம், பயப்படுகிறீர்கள்.

---

எட்டாவது அடுக்கு எழுதியது:

கீழ்ப்பக்க இலை மேல்பக்க இலையைவிட நன்றாக வந்திருக்கிறது. அந்த மங்கிய பச்சை எப்படிக் கிடைத்தது?

---

புதுப்பென்சில் எழுதியது:

எர்த் கிரீன் மேல் ஐவரி, அதன்மேல் மறுபடி எர்த் கிரீன். தற்செயலாக வந்தது, குறித்து வைத்திருக்கிறேன்.

---

கணு எழுதியது:

இதழ் திருகு சரி. பற்கள் சரி. நரம்பு அடியிலிருந்து கிளம்புகிறது, சரி. புல்லிக்குக் கீழே அந்த வட்டமும் வந்துவிட்டது. இலைகள் கணுவுக்கு ஒன்றாக மாறி மாறி, அதுவும் சரி.

காம்பு தண்டோடு சேரும் இடத்தில் மெல்லிய ஈர்க்கு மாதிரி இரண்டு இருக்க வேண்டுமே. இலையடிச் செதில். எங்கே?

---

புதுப்பென்சில் எழுதியது:

அதுவா? ஏதோ தூசி ஒட்டியிருக்கிறது என்று கிள்ளிப் போட்டுவிட்டு வரைந்தேன்.